துவிச்சக்கர வண்டியின் ஆணிகளும் சுரைகளும் துருவால் இறுகாது காத்தல்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்கே இந்து சமுத்திரமும் கிழக்கே புத்தளம் கடனீரேரியும் உள்ளன. இடையேயுள்ள மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், காய்கறி செய்வோர்க்கும், உள்நாட்டு வயல்களில் நெல் விளைப்போர்க்கும் துவிச்சக்கர வண்டி ஒரு கமக்கருவியே ஆகும். உரமூடையைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்வதும் பறித்த காய்கறியை லொறி நிற்குமிடம் சேர்ப்பதும் அதுவே. அதிகாலையில் சக்கரம் காற்றிழந்து, அச்சின் சுரையும் கழல மறுக்குமாயின், அன்றைய காய்கறி வாடிப்போகும். பலங்கொண்டு திருகினால் ஆணி முறியும். சுரையின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகும். இத்தொல்லையைச் சிறிதளவு கிறீசினால் முன்னரே தடுத்துக்கொள்ளலாம்.

1. ஆணி இறுகுவதேன்?

இரும்பு நீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகிறது. இதனையே நாம் கறள் என்கிறோம். துருவானது தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான இடத்தைக் கொள்ளும். ஆணியின் புரிக்கும் சுரையின் புரிக்கும் நடுவே உள்ள இடைவெளியோ மிகச் சிறிது. அதனுள் துரு பருக்கும்போது ஆப்பு அடித்ததுபோல இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

கடற்காற்றிலுள்ள உப்பு இதனை விரைவுபடுத்துகின்றது. கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதனால், மழை பெய்யாத நாளிலும் புரியினுள் ஈரம் நிற்கும். உரங்களும் அத்தகையனவே. மியூரியேற் ஒவ் பொட்டாஷ் உரத்தில் குளோரைட்டு உண்டு. அமோனியம் சல்பேற்றும் ஈரம்பட்டால் இரும்பை அரிக்கும். ஆகவே உரமூடை ஏற்றிய வண்டியைத் துடையாது விடுதல் ஆகாது.

இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்பட்டு வெண்ணிறப் பொடியாகும். அப்பொடியும் துருவைப்போலவே பருத்து இறுகும்.

2. கவனிக்கவேண்டிய இடங்கள்

(அ) ஆசனத் தண்டு: இதனைப் பலர் ஆண்டுக்கணக்காக அசைப்பதில்லை. அதனால் சட்டகத்தோடு ஒன்றாகிப்போவது பெரும்பாலும் இதுவே. கைபிடித் தண்டும் இத்தன்மையதே.

(ஆ) சக்கர அச்சின் சுரைகள்: இவை சேற்றுக்கும் நீருக்கும் அருகில் உள்ளன. அவசரத்தில் கழற்றவேண்டியவையும் இவையே.

(இ) பெடல்கள்: வலப்பெடலின் புரி சாதாரணமானது; இடப்பெடலின் புரி எதிர்ப்புறமாகச் சுற்றும் இடம்புரி. இதனை அறியாது கழற்ற முயல்வோர் மேலும் இறுக்கிவிடுவர். ஸ்பனரின் பிடி மேல்நோக்கி நிற்க, அதனைப் பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரு பெடல்களும் கழலும். இவ்விதியை மனத்திற் கொள்க.

(ஈ) சுமைதாங்கி, சேற்றுக்காப்பு ஆகியவற்றின் சிற்றாணிகள்: இவை மெலிந்தவை, இறுகினால் எளிதில் முறியும்.

3. செய்யவேண்டிய முறை

முதலில் ஆணியையும் சுரையையும் கழற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து, கம்பித் தூரிகையால் புரியிலுள்ள மண்ணையும் துருவையும் நீக்குக. பின்னர் துணியால் துடைத்து நன்கு உலரவிடுக. மண்ணெண்ணெய் அழுக்கை நீக்குமேயன்றி நெடுநாட் காவலாகாது.

அடுத்து, சக்கர உருளைகளுக்கு இடும் சாதாரண கிறீஸைப் புரி முழுவதிலும் மெல்லியதாகப் பூசுக. ஆணித் தலையின் அடியிலும் சிறிது பூசுக. ஆசனத் தண்டாயின் சட்டகத்தினுள் இறங்கும் பகுதி முழுவதும் பூசப்படல் வேண்டும். புரியின் இடைவெளியைக் கிறீஸ் நிரப்பியிருந்தால் உப்புநீருக்கு அங்கே இடமில்லை.

பின்பு சுரையை விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஓட்டுக. விரலுக்கு ஓடாத சுரையை ஸ்பனரால் வலிந்து ஓட்டலாகாது. புரி பிறழ்ந்திருக்கும், அன்றேல் அளவு வேறாயிருக்கும். பழைய வண்டிகளின் இங்கிலாந்துப் புரியும் புதியவற்றின் மெற்றிக் புரியும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

கிறீஸ் பூசிய புரி எளிதாக ஓடும். ஆதலால் முன்போல் முழுப்பலத்தோடு இறுக்காது அளவோடு இறுக்குக. வெளியே பிதுங்கிய கிறீஸைத் துடைத்துவிடுக. இல்லையேல் மணல் ஒட்டும். சக்கர வளையத்திலும் பிறேக்குக் கட்டைகளிலும் கிறீஸோ எண்ணெயோ படவே கூடாது. பட்டால் வண்டி நில்லாது.

நம் பகுதியில் தேங்காயெண்ணெய் எளிதிற் கிடைப்பதால் சிலர் அதனைப் பூசுவர். அது நாளடைவில் கெட்டுப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். எனவே புரிக்கு ஏற்றதன்று.

4. இறுகிவிட்டால்

மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் சமமாகக் கலந்து சில துளிகள் விட்டு ஓரிரவு ஊறவிடுக. மறுநாள் சுரையின் பக்கங்களில் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுக. அளவிற் பொருந்திய ஸ்பனரை இட்டு, முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசைத்துப் பின்னர் கழற்றுக. அசையாவிடில் மீண்டும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். எண்ணெயில் ஊறிய சுரையைத் தீயிற் காட்டலாகாது.

5. எப்போது செய்வது?

ஆண்டுக்கு இருமுறை போதுமானது. தென்மேற்குக் காற்று உரத்து வீசுமுன் சித்திரையில் ஒருமுறையும், பெரும்போக மழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறையும் செய்க. இடையில், உரம் ஏற்றிய நாளிலும் கடலோரம் சென்ற நாளிலும் வண்டியை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். உவர்ப்பேறிய கிணற்று நீரால் கழுவுவது பயனற்றது. உரமூடையருகே வண்டியை நிறுத்திவைத்தலும் ஆகாது.

இம்முறை நீரிறைக்கும் இயந்திரத்தின் ஆணிகளுக்கும் தெளிகருவியின் ஆணிகளுக்கும் பொருந்தும். கிறீஸ் பூசாது எந்த ஆணியையும் மீளப் பூட்டுவதில்லை என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் வழக்கமாகக் கொள்வாராயின், தேவைப்படும் வேளையில் ஆணியும் சுரையும் தடையின்றிக் கழலும்.