டெட்ராய்ட் நிஜமாவே தேறிவிட்டதா? ஒரு ஊரின் ரிப்போர்ட் கார்டை வாசிப்பது எப்படி



சென்னையை "இந்தியாவின் டெட்ராய்ட்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீங்க. கார் தொழிற்சாலைகள் நிறைய இருப்பதால் வந்த பட்டப்பெயர் அது. ஆனா அசல் டெட்ராய்ட் இன்றைக்கு எப்படி இருக்கு? "குற்றநகரம் மீண்டெழுந்தது", "50 ஆண்டுகளில் இல்லாத அமைதி" என்றெல்லாம் செய்திகள் வருகின்றன. அதை நம்பலாமா? நமக்குத் தெரிந்த கணக்கை வைத்தே சரிபார்க்கலாம், வாங்க.

முதலில் கொஞ்சம் வரலாறு

1950-இல் டெட்ராய்டின் மக்கள்தொகை 18.5 லட்சம். 2010-இல் 7.14 லட்சம். 2020-இல் 6.39 லட்சம். எழுபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் காலி. கார் ஆலைகள் இடம் மாறின. வசதி இருந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், புறநகருக்குப் போனார்கள். வரி கட்ட ஆள் குறைந்தது. ஆனா சாலை, குழாய், விளக்கு எல்லாம் பழைய நீளத்திலேயே இருந்தன. பராமரிக்கக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு மறுபடி கடன். கடைசியில் 2013 ஜூலை 18 அன்று நகரமே திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர்.

அந்த ஆண்டு நிலவரம் இது: தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை. கைவிடப்பட்ட கட்டடங்கள் சுமார் 78,000. அவசர அழைப்புக்குப் போலீஸ் வந்துசேர சராசரியாக 58 நிமிடம். கத்தியைக் காட்டி ஒருத்தன் வீட்டுக்குள் நுழைந்தால், ஒரு மணி நேரம் நீங்களே சமாளிக்கணும்!

சோதனை 1: பகுதியைப் பார்த்தீர்களா?

குற்றங்களை எண்ணும்போது கொலையைத்தான் அளவுகோலாக எடுப்பார்கள். திருட்டு நடந்தால் பலர் புகாரே கொடுப்பதில்லை. கொலையை மறைப்பது கஷ்டம். சரி, எண்களைப் பாருங்க.

1974-இல் 714 கொலைகள்.
2012-இல் 386 கொலைகள்.
2024-இல் 203 கொலைகள்.

1974-க்கும் 2012-க்கும் நடுவே கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததே, நல்லதுதானே என்று தோணும். அவசரப்படாதீங்க. 1974-இல் ஊரில் ஏறத்தாழ 13.7 லட்சம் பேர்; 2012-இல் 7 லட்சம். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் முதலாவது சுமார் 52, இரண்டாவது சுமார் 55. அதாவது எண்ணிக்கை குறைந்தது, ஆபத்து கூடியது! பகுதி சுருங்கியதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

2024-இல் அதே கணக்கு சுமார் 31-க்கு வந்திருக்கிறது. இது நிஜமான இறக்கம். ஆனா "1965-க்குப் பிறகு மிகக் குறைவு" என்ற தலைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கு. 1965-இல் அந்த ஊரில் 15 லட்சத்துக்கு மேல் மக்கள். அதே 203 கொலைகள் அன்று நடந்திருந்தாலும் விகிதம் 14-ஐத் தொட்டிருக்காது. 2024-இன் விகிதம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்க சராசரி சுமார் 5, இந்திய சராசரி சுமார் 2 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

சோதனை 2: ஒப்பிட வேறொரு மாதிரி இருக்கா?

லேபில் ஒரு சாம்பிளை மட்டும் சூடாக்கிவிட்டு "பாத்தீங்களா, மாறிடுச்சு" என்று சொன்னால் சார் விடுவாரா? கன்ட்ரோல் எங்கே என்று கேட்பார். ஊருக்கும் அதே கேள்விதான்.

2022-இல் 309 கொலைகள், 2024-இல் 203. மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனா கொரோனா காலத்தில் அமெரிக்கா முழுக்கவே கொலைகள் எகிறின. 2023-லும் 2024-லும் முழுக்கவே இறங்கின. நாட்டளவில் அந்த இரண்டு ஆண்டுகளில் சேர்த்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஆக, டெட்ராய்டின் இறக்கத்தில் பெரும்பகுதி நாடு முழுக்க வீசிய காற்று. அதற்கு மேல் உள்ள மிச்சம்தான் ஊரின் சொந்த உழைப்பு என்று சொல்லக்கூடியது. அது சின்னது, ஆனா பூஜ்யம் இல்லை.

சோதனை 3: எது எப்படி வேலை செய்தது?

நம்ம துறைக்குப் பிடித்த பகுதி இது. 2014 முதல் 2016 டிசம்பருக்குள் 65,000 புதிய எல்.இ.டி. தெருவிளக்குகள் போட்டார்கள். செலவு சுமார் 18.5 கோடி டாலர். பழைய விளக்குகள் அணைந்ததற்கு ஒரு காரணம் செம்புக் கம்பித் திருட்டு. அதனால் புதிய இணைப்புகளில் அலுமினியக் கம்பி! எடைக்குப் போட்டால் பெரிதாகக் காசு கிடைக்காது, திருடனுக்கும் ஆர்வம் போச்சு. பொருள் தேர்வு பாடத்தில் இதை ஒரு உதாரணமாகவே சேர்க்கலாம்.

ஆயிரக்கணக்கான பாழடைந்த வீடுகளை இடித்தார்கள். 2016 ஜனவரியில் 8 பெட்ரோல் பங்குகளில் தொடங்கி, கடைகளின் கேமராவை நேரடியாகப் போலீஸோடு இணைத்தார்கள். ஆனா தொழில்நுட்பம் எல்லாமே லாபக் கணக்கு இல்லை. முகமறி மென்பொருள் காட்டியதை நம்பி, குற்றமே செய்யாத ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே கைது செய்தது அதே ஊர்ப் போலீஸ். அந்த வழக்கு 2024-இல் சமரசமாகி, அந்த மென்பொருள் முடிவை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. மாடலின் பிழைவிகிதம் நமக்கு ஒரு எண். கைவிலங்கு மாட்டியவருக்கு அது வாழ்க்கை.

சோதனை 4: யார் தேறினார்கள்?

சராசரி என்பது மழை மாதிரி, எல்லா வீட்டு மாடியிலும் ஒரே அளவு பெய்யாது. 1988-இல் கடைசி ரயில் போனபின் பாழாய்க் கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கி, 2024 ஜூனில் பளபளவென்று திறந்தது. 2023-க்கான மதிப்பீட்டில் 1957-க்குப் பிறகு முதல்முறையாக மக்கள்தொகை கூடியது. நல்ல சேதிகள்தான்.

இன்னொரு பக்கம்: திவால் தீர்வில் நகராட்சியின் ஓய்வூதியர்களுக்கு மாதப் பணம் 4.5 சதவீதம் வெட்டப்பட்டது. 2014-இல் பாக்கி கட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. 2010 முதல் 2016 வரை வீட்டு மதிப்பைக் கூட்டிக் காட்டி வசூலித்த அதிகப்படி வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று பத்திரிகைக் கணக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்னமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

அப்போ முடிவு என்ன?

பத்தாண்டுக்கு முன் இருந்ததை விட டெட்ராய்ட் பாதுகாப்பானது, இதில் சந்தேகம் வேண்டாம். ஆனா "மீண்டுவிட்டது" என்று சொல்வது அவசரம். ஐ.சி.யூ.வில் இருந்து வார்டுக்கு மாற்றியாச்சு, டிஸ்சார்ஜ் ஆகல. அடுத்த முறை நாடு முழுக்கக் குற்றம் கூடும்போதும் இந்த ஊர் தன் இடத்தைத் தக்கவைத்தால், அன்றைக்குத்தான் அது உண்மையான தேர்ச்சி.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைத் திறங்க. ஏதாவது ஒரு நகரத்தை எடுத்து, பத்து ஆண்டு இடைவெளியில் உள்ள இரண்டு ஆண்டுகளின் கொலை எண்ணிக்கையை லட்சம் பேருக்கு என்று மாற்றுங்க. பிறகு மாநில சராசரியோடு ஒப்பிடுங்க. செய்தித்தலைப்பு சொல்வதும் உங்கள் கால்குலேட்டர் சொல்வதும் ஒன்றுதானா? விடை கிடைத்ததும் ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழில் பேசுவோம்.