கர்பாவும் நம்ம ஊர்க் கும்மியும்

முன்னுரை

இந்தக் காலாண்டு விடுமுறையில் நான் குஜராத் மாநிலம் அகமதாபாத்துக்குப் போய் வந்தேன். அங்கே மணிநகரில் என் மாமா இட்லிக் கடை வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம். அங்கே நான் பார்த்த, கற்றுக்கொண்ட ஆட்டத்தைப் பற்றியும், அங்கே நான் பட்ட வெட்கத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

கர்பா என்றால் என்ன?

நான் போனபோது நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. நம்ம பக்கம் நவராத்திரி என்றால் கொலுவும் சுண்டலும்தான். குஜராத்தில் ஒன்பது ராத்திரியும் ஆட்டம். அந்த ஆட்டத்தின் பெயர் கர்பா. 'கர்ப்பம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சுற்றிலும் துளை போட்ட ஒரு மண்பானைக்குள் விளக்கு ஏற்றி நடுவில் வைப்பார்கள். பானை உடம்பு, உள்ளே எரியும் விளக்கு உயிர் என்று அர்த்தம் சொல்கிறார்கள். அதைச் சுற்றி வட்டமாக நின்று, கைதட்டிக்கொண்டே ஆடுவார்கள். பெண்கள் சணியா சோளி என்னும் அகலப் பாவாடையும் ரவிக்கையும் உடுத்துவார்கள். அதில் வைத்துத் தைத்த சின்னச் சின்னக் கண்ணாடிகள் மின்னும். டோல் என்னும் மேளம் அடிப்பார்கள்.

இரண்டு குச்சிகளை வைத்து ஆடுவது தாண்டியா ராஸ். அது அப்படியே நம்ம கோலாட்டம் மாதிரி இருக்கும்.

(உங்களுக்குத் தெரியுமா? குஜராத்தின் கர்பாவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.)

நான் கற்றுக்கொண்ட விதம்

முதல் நாள் ராத்திரி நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். மாமா குடியிருக்கும் தெருவிலேயே ஆடினார்கள். ஐந்து வயசுப் பாப்பாவும் இருந்தது, தலை நரைத்த பாட்டியும் இருந்தார். கல்லூரி அக்காக்கள், கடை வைத்திருக்கும் அம்மாக்கள் எல்லாரும் ஒரே வட்டம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் வயசுதான். அவள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் குஜராத்தி தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. காலைக் காட்டினாள், பார்த்துச் செய்தேன்.

அவள் சொல்லிக்கொடுத்த மூன்று தட்டு கர்பாவை நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. வட்டத்தில் விளக்கைப் பார்த்து நிற்க வேண்டும்.
2. வலப்பக்கமாக மூன்று அடி வைக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் லேசாகக் குனிந்து ஒரு தட்டு.
3. நான்காவது அடியைப் பின்னால் வைத்து, நிமிர்ந்து விரலைச் சொடுக்க வேண்டும்.
4. மறுபடி முதலிலிருந்து. மேளம் வேகமாக ஆக ஆக நாமும் வேகமாக வேண்டும்.

முதலில் நான் இடப்பக்கமாகப் போய் ஒரு அத்தையை இடித்துவிட்டேன். மூன்றாம் நாள் சரியாக வந்துவிட்டது.

நான் பட்ட வெட்கம்

கடைசி நாள் அந்தப் பெண் என் அத்தையிடம் ஏதோ கேட்டாள். "உங்க ஊர் ஆட்டத்தை ஆடிக் காட்டச் சொல்றா" என்று அத்தை சொன்னார். சுற்றி ஏழெட்டுப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சினிமாப் பாட்டுக்கு நாலு அடி ஆடினேன். "அதான் டிவியில எங்களுக்கும் வருதே" என்று அவள் சொன்னாளாம். எனக்கு முகம் சுண்டிப்போனது.

இத்தனைக்கும் என் அப்பத்தா எங்கள் ஊரில் கும்மி எடுத்துக்கொடுப்பவர். பங்குனிப் பொங்கலுக்கு நவதானியத்தை மண்சட்டியில் போட்டு முளைப்பாரி வளர்ப்போம். ராத்திரி ராத்திரி அதைச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். குஜராத்திலும் நவராத்திரி முதல் நாளே மண்ணில் பார்லி விதைத்து முளைக்க வைக்கிறார்கள். அதை ஜவாரா என்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் முளைப்பாரிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் முளை, இங்கேயும் முளை. அங்கேயும் வட்டம், இங்கேயும் வட்டம். ஆனால் அங்கே எல்லாரும் ஆடுகிறார்கள். இங்கே ரேடியோ செட்டில் பாட்டுப் போட்டுவிட்டு நாம் சுற்றி நிற்கிறோம்.

ஊருக்கு வந்த பிறகு

வந்ததும் அப்பத்தாவிடம் கேட்டேன். "இப்பவாச்சும் கேட்டியே தாயி" என்றார். எங்கள் ஊரில் இப்போது கும்மிப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். நான்கு பேரும் வயசானவர்கள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. திண்ணையில் உட்கார்ந்து தட்டிக் காட்டுகிறார், நான் முற்றத்தில் ஆடுகிறேன். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. கர்பா ஆடிய காலுக்கு இது சீக்கிரம் வந்துவிட்டது. பாட்டுகளைத்தான் நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை ஆறு பாட்டு எழுதியிருக்கிறேன்.

அப்பா மட்டும், "பெரிய பிள்ளை ஆயிட்ட. வீட்டுக்குள்ள ஆடு, கோயில் வாசல்ல வேண்டாம்" என்கிறார். "நான் ஆடலையாடா? என்னையப் பாத்து எவன் சிரிச்சான்?" என்று அப்பத்தா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. இன்னும் சரி என்றும் சொல்லவில்லை. நான் தனியாக ஆடினால்தான் அப்பாவுக்குக் கூச்சம். பத்துப் பேர் சேர்ந்து ஆடினால் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

முடிவுரை

அடுத்த ஊர் ஆட்டத்தைக் கற்கப் போனால், "உன் ஊர் ஆட்டம் என்ன?" என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்குப் பதில் நம் கையில் இருக்க வேண்டும். ஆகவே தோழிகளே, வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முதலில் கும்மி, பிறகு கர்பா. உங்கள் வீட்டு அப்பத்தா, அம்மாச்சியிடம் ஆளுக்கொரு பாட்டு கேட்டு எழுதி வாருங்கள். பசங்களும் வரலாம். கேலி செய்ய வருகிறவர்கள் வட்டத்தில் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் போக வேண்டும். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.



– 9ஆம் வகுப்பு மாணவி