பயமா, மதிப்பா?

கேள்வி: கால்பந்து வீரர்கள் தலைமைப் பயிற்சியாளருக்குக் காட்டும் மரியாதை, அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தினால் வருவதுதானே?

பதில்: பதினொருவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும் வரையில் அவரிடம் சிறிது பயம் இருப்பது சகஜமே, ஆனால் பயத்தினால் மட்டும் வளைந்த முதுகு, அணி தோற்ற அன்றைக்கே நிமிர்ந்துவிடும். 1962-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்ற நம் இந்திய வீரர்கள், பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீமிடம் வைத்திருந்த விசுவாசத்தைச் சிறிதும் தளர்த்தவில்லை. தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் என்ற தற்காப்பு வீரரை, அரையிறுதியில் ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பியபோது, தன் வழக்கமான இடமல்லாத அந்த ஸ்தானத்தை ஆட்சேபணையின்றி ஏற்று, அந்த ஆட்டத்திலும், அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்திலும் ஜர்னைல் கோல் போட்டாரென்றால், அதைப் பயத்தின் காரியமென்று சொல்ல முடியுமா? மறு வருஷமே ரஹீம் புற்றுநோயால் காலமானார். இனி அவரால் ஒருவரையும் சேர்க்கவோ நீக்கவோ இயலாது என்றான பிறகும், அந்த அணியில் ஆடிய பி.கே. பானர்ஜி போன்றவர்கள் ஆயுள் முழுவதும் அவரைக் குருவாகவே போற்றி வந்தார்கள். பதவிக்குப் பயப்படுகிறவன் பதவி போனதும் மறந்துவிடுவான். தன்னிடம் தனக்கே தெரியாதிருந்த சக்தியைக் கண்டுபிடித்துத் தந்தவரை எந்த வீரனும் மறப்பதில்லை.