கணக்கு ஓரிடம், பொறுப்பு வேறிடம்

சங்க அலுவலகத்தில் மாலையில் ரொக்கத்தை எண்ணி, நாளேட்டில் கண்ட இருப்போடு ஒத்துப் பார்ப்பது நாம் அனைவரும் அறிந்த வழக்கம். இரண்டும் ஒத்துவந்தால் பெட்டியைப் பூட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். பத்து ரூபாய் குறைந்தாலோ, ரசீதுப் புத்தகத்தை எடுத்து, காலை முதல் ஒவ்வொரு வரவாகத் தடவிப் பார்க்கிறோம். பெரும்பாலும் எங்கோ ஒரு கூட்டல் பிழையோ, எழுத மறந்த ஒரு செலவோ அகப்பட்டுவிடும். அகப்படாத பணத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி அதற்குப் பின்னரே எழுகிறது. முதலில் தேடுதல், பின்பு பொறுப்புக் கட்டுதல் என்னும் இவ்வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனின் தபால் நிறுவனத்துக்கும் அதன் கிளைகளை நடத்தியவர்களுக்கும் இடையே எழுந்த வழக்கு உலகறிந்த சான்றாகும். அதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

அந்நாட்டில் பெரும்பாலான தபால் நிலையங்களை நடத்துவோர் அரசாங்க ஊழியர் அல்லர். தம் சேமிப்பைக் கொண்டு ஒரு மளிகைக் கடையையோ பத்திரிகைக் கடையையோ வாங்கி, அதன் ஒரு மூலையில் தபால் அலுவலை ஒப்பந்தத்தின்பேரில் நடத்துபவர்கள். சப் போஸ்ட்மாஸ்டர் என்பது அவர்களுக்குப் பெயர். நாம் உபதபால் அதிபர் என்போம். தபால் தலை விற்பனை, முதியோர் ஓய்வூதியம், சேமிப்புக் கணக்கு ஆகியவை அவர்கள் கை வழியே நடந்தன. கடை அவர்களுடையது, கல்லாவில் உள்ள தபால் பணம் அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனத்தினுடையது. தம்முடைய கவனக் குறைவாலோ பிழையாலோ ஏற்படும் நஷ்டத்தை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்த விதி. விதியைப் படித்தால் குற்றம் சொல்ல இடமில்லை. நெசவாளிக்கு நூலை எடைபோட்டுக் கொடுத்துத் துணியை எடைபோட்டு வாங்கும் சங்கமும், கழிவு போகக் குறைவது எவ்வளவு, ஏன் குறைந்தது என்று கேட்கத்தானே செய்கிறது! ஆனால் அந்தத் தராசு நெசவாளியின் கண் முன்னே நிற்கிறது.

1999-ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணினி முறை அக்கிளைகளில் பொருத்தப்பட்டது. அதனை அமைத்தது ஜப்பானியப் புஜிட்சு நிறுவனத்துக்கு உட்பட்ட ஐ.சி.எல். கம்பெனி. அதற்கு முன்பு உபதபால் அதிபர் தம் கையாலேயே கணக்கெழுதி வந்தார். தாள் அவரிடம் இருந்தது. எண் ஒத்துவராவிட்டால் இரவு முழுதும் விழித்திருந்தேனும் பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க அவரால் முடிந்தது. ஹொரைசன் வந்தபின் பேரேடு தொலைவிலுள்ள ஓர் இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரை காட்டியதை மட்டுமே அவர் காணலாம். அதன் அடியில் நிகழ்ந்ததைக் காண வழியில்லை. விதி மாறவில்லை, விதி நின்ற தரைதான் மாறிவிட்டது.

இயந்திரம் பிழை செய்ததா என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்னும் ஊரின் பெயரால் ஒரு பிழை அறியப்படுகிறது. 2015-ஆம் ஆண்டில் ஒரு கிளையிலிருந்து அதன் வெளியூர்ச் சேவைக்கு 8,000 பவுண்டு ரொக்கம் எடுத்துச் செல்லப்பட்டது. அதனை வரவு வைக்கையில் திரை மாறாமல் அப்படியே நின்றது. பதிவாகவில்லை போலும் என்று பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினர். நான்கு அழுத்தலும் நான்கு வரவாக ஏறின. பெட்டியில் 8,000 பவுண்டு. கணக்கிலோ 32,000 பவுண்டு. ஒரு காசும் களவு போகாமலே 24,000 பவுண்டு ‘குறைந்து’ நின்றது! அதே பிழை 2010 முதல் வேறு பல கிளைகளிலும் நேர்ந்திருந்தது என்பது பின்னர் ஆராய்ந்தபோது தெரியவந்தது.

இத்தகைய குறை கண்ட உபதபால் அதிபரின் நிலைமையைச் சற்று நின்று பார்ப்போம். ஒவ்வொரு கணக்குக் காலத்தின் முடிவிலும் அவர் இருப்பை உறுதிசெய்து கணக்கை முடித்தாக வேண்டும். முடித்தால்தான் அடுத்த காலத்துக்குக் கணக்குத் திறக்கும். ஐயத்துக்குரிய தொகையைத் தனியே அனாமத்தாக நிறுத்திவைக்கும் வசதி முன்பு இருந்தது. 2005-இல் அதுவும் நீக்கப்பட்டது. ‘இத்தொகையை நான் ஏற்கவில்லை’ என்று எழுத அத்திரையில் இடமே இல்லை. ஆகவே, ஒன்று, தம் கைப்பணத்தைப் போட வேண்டும். அல்லது அதைத் தம் கடனாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவுமில்லையேல், பணம் இருப்பதாகவே காட்டிக் கையெழுத்திட வேண்டும். அடுத்த மாதம் தானே சரியாகிவிடும் என்று நம்பி மூன்றாவது வழியில் இறங்கியவர் பலர். அது பொய்க் கணக்கு என்னும் குற்றம்.

உதவி கேட்கத் தொலைபேசி எண் ஒன்று இருந்தது. ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்னும் கிராமத்துக் கிளையை நடத்திய ஜோ ஹாமில்டன் அம்மையார் அதனை அழைத்து, அங்கிருந்தவர் சொன்னபடியே செய்தார். ஏறத்தாழ 2,000 பவுண்டாக இருந்த குறை அவர் கண் முன்னாலேயே இரட்டித்தது. கடைசியில் அவர்மீது சுமத்தப்பட்ட தொகை 36,000 பவுண்டு. வீட்டை அடமானம் வைத்தார். ஊர் மக்கள் பணம் திரட்டித் தந்தனர். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்காகப் பொய்க் கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரைப் போன்ற பலருக்கும் தொலைபேசியில் கிடைத்த மறுமொழி, ‘வேறெவரும் இப்படிச் சொல்லவில்லையே, உங்களுக்கு மட்டுந்தான்’ என்பது. இச்சொல் செய்த கேடு கணினி செய்த கேட்டிற்குக் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

பணத்தைக் கோரியதும் தபால் நிறுவனம், விசாரித்ததும் அதுவே, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியதும் அதுவே. 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். அவற்றுள் ஏறத்தாழ 700 வழக்குகளை நிறுவனமே நேரில் தொடுத்தது. கணினி சரிவர இயங்கியதென்று வழக்குத் தொடுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றிருந்த சட்டப் பிரிவும் 1999-இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டிருந்தது. பிரிட்லிங்டன் நகரின் லீ காசில்டன், ஏறத்தாழ 26,000 பவுண்டு குறைக்காகத் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2007-இல் தோற்றார். வழக்குச் செலவு மட்டும் 321,000 பவுண்டு அவர் தலையில் விழ, இன்சால்வென்ட் ஆனார். கிளைக் கணக்கினுள் புஜிட்சு ஊழியர் தொலைவிலிருந்தே பதிவுகளைப் புகுத்த முடியும் என்பதை நிறுவனம் பல்லாண்டு மறுத்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் 2015-இல் தொலைக்காட்சியில் அதனை வெளிப்படையாகச் சொன்னார்.

இவர்களுக்குச் சங்கம் இல்லையா என்று அங்கத்தினர் கேட்கலாம். இருந்தது, தேசிய சம்மேளனமே இருந்தது. ஆனால் அது ஹொரைசன் நம்பத்தக்கது என்று நிறுவனத்தோடு சேர்ந்து நின்றது. 2015-இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி அதன் செலவுக்கான மானியத்தைத் தபால் நிறுவனமே கொடுக்கத் தொடங்கியது. அது சுதந்திரமான அமைப்பன்று என்று 2019-இல் நீதிபதி கூறினார். படியளப்பவனைத் தட்டிக் கேட்கும் நாக்கு எவருக்கு எழும்? தணிக்கையும் இப்படியே ஆயிற்று. பாராளுமன்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலால் 2012-இல் வெளிக் கணக்காய்வாளர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் குறைகளை எடுத்துக்காட்டவே, 2015-இல் அவ்வேலை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோவில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், ஆதாரம் காட்டாத குறையைத் தாம் ஏற்பதில்லை என்று நின்றதால் 2003-இல் ஒப்பந்தம் இழந்தார். 2009-இல் ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் பொது மண்டபத்தில் தம்மைப் போன்றோரைக் கூட்டினார். ‘உங்களுக்கு மட்டுந்தான்’ என்று கேட்டவர்கள் அங்கே ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டனர்.

அதன்பின் நடந்தவை பத்திரிகைகளில் விரிவாக வந்தவையாதலின் சுருக்கமாகச் சொல்கிறோம். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் நீதிபதி பிரேசர் 2019 மார்ச்சிலும் டிசம்பரிலும் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். சமரசத் தொகை 57.75 மில்லியன் பவுண்டு. வழக்குச் செலவும், அதற்கு முதல் போட்டவர் பங்கும் போக வழக்காடியோர் அனைவருக்குமாகக் கிடைத்தது ஏறத்தாழ 12 மில்லியன். 2021 ஏப்ரலில் ஹாமில்டன் அம்மையார் உட்பட 39 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி எஞ்சியோரில் பலரையும் விடுவித்தது. சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வெளிவந்தது. குறைந்தது 13 பேர் இதன் காரணமாகத் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று அது கூறுகிறது.

மார்ச்சுத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தகைய நீண்டகால ஒப்பந்தத்தில், எழுதாவிட்டாலும், இரு தரத்தாரும் நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை அடங்கியுள்ளது என்றார் நீதிபதி. குறையின் காரணத்தை நேர்மையாக ஆராய்வதும், கிளைக்காரரின் பிழையால் விளைந்ததென்று தெரியாத தொகையை அவரிடம் கேளாதிருப்பதும் அக்கடமையைச் சார்ந்தவை.

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி முறைக்குக் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-இல் ஒப்புதல் அளித்தது. கணினி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எழுத்தர் தவறும் உலகில் உண்டு. ஆனால் வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். விற்பனையாளர் தம் கிளையின் ஒவ்வொரு பதிவையும், அதனை யார், எந்நேரத்தில் இட்டார் என்பதையும் தாமே பார்க்க முடிகிறதா? வெளியிலிருந்து எவரேனும் திருத்தினால் அது அவருக்குத் தெரிகிறதா? ஏற்காத தொகையை ஏற்கவில்லையென்றே குறித்து, மறுநாள் கடையைத் திறக்க வழி உண்டா? குறை ஏற்பட்டால் அதை விசாரிப்பவர், அத்தொகையை வசூலிக்க வேண்டியவரேதானா? நூல் நிலுவையும் கூலி வரவும் கணினியில் ஏறிய சங்கங்களில், நெசவாளியின் கையிலுள்ள பாஸ் புத்தகத்திலும் அன்றன்றைக்கே எழுதித் தரப்படுகிறதா? இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் எது செல்லும் என்று துணைவிதியில் எழுதியிருக்கிறதா? எழுதியிராவிட்டால் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்குரிய முன்னறிவிப்பைக் காரியதரிசியிடம் எழுத்து மூலம் கொடுப்பது நன்று.