விரல் மடங்கி மாட்டிக்கொள்கிறதா?



திருமழிசைப் பக்கத்துக் குழு ஒன்றில் கணக்கு எழுதும் அக்கா, மூன்று கூட்டமாகத் தீர்மான நோட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். கையெழுத்துக் கேட்டாலும் "அப்புறம் போடறேன்" என்றார். உள்கடன் பாக்கி நிறைய இருந்த நேரம். "கணக்குல ஏதோ இருக்குது, அதான் நோட்டையே தொட மாட்டேங்கறாங்க" என்று முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டதும் வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் மடங்கியபடியே நின்றது. இடது கையால் இழுத்துவிட்டதும் 'டக்' என்று நிமிர்ந்தது. பேனா பிடிக்க முடியவில்லை, வெளியே சொல்ல வெட்கம். கணக்கு ஒரு பைசா குறையாமல் சரியாக இருந்தது.

இதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'டிரிக்கர் பிங்கர்'. டிரிக்கர் என்றால் துப்பாக்கி விசை. விசை மாதிரி மாட்டித் தெறிப்பதால் அந்தப் பெயர். 1850-லேயே நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

உள்ளே நடப்பது இதுதான். விரலை மடக்கும் தசைநாண், கயிறு மாதிரி உள்ளங்கையிலிருந்து விரல் வரை ஓடுகிறது. அது விலகாமல் இருக்க வழியில் சின்னச் சின்ன வளையங்கள். பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் ஓட்டையில் மாட்டிக்கொண்டு இழுக்க வராது இல்லையா? அதே கதைதான். விரல் அடியில் உள்ள வளையம் தடித்து, கயிறும் வீங்கி, உள்ளே போய் வர முடியாமல் சிக்குகிறது. காலையில் எழுந்ததும் தொந்தரவு அதிகம். விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் அழுத்தினால் வலிக்கும், சிலருக்குச் சின்னக் கட்டி தட்டுப்படும்.

நாற்பது வயதுக்கு மேல், பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சர்க்கரை நோய், தைராய்டு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். கத்தரிக்கோல், அரிவாள், கம்பெனியில் ஸ்க்ரூ டிரைவர் என்று நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கிற வேலையும் தொந்தரவைக் கூட்டும். சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

"புத்தூர் கட்டுப் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்கிறார்கள். கட்டு எலும்பு முறிவுக்கு. இங்கே எலும்பு முறியவில்லை. எண்ணெய் போட்டு 'சொடக்கு' எடுப்பதும் வேண்டாம், வீக்கம்தான் கூடும்.

ஆரம்பத்தில் என்றால் இறுக்கிப் பிடிக்கும் வேலையைக் குறைத்து, விரல் மடங்காமல் பட்டை (ஸ்ப்ளின்ட்) போட்டுப் பார்க்கலாம். ஆறு வாரமாவது போட வேண்டும், நாலு நாளில் கழற்றிவிட்டு "கேக்கல" என்று சொல்லக் கூடாது. வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், சிக்கலை அவிழ்க்காது. கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. விரல் அடியில் ஒரே ஒரு ஊசி. பாதிப் பேருக்கு மேல் இதிலேயே குணம் தெரிகிறது. சில நாளில் இருந்து சில வாரத்துக்குள் விரல் லேசாகும். "ஸ்டீராய்டா, ஐயோ" என்று பயப்பட வேண்டாம், தினமும் சாப்பிடும் மாத்திரை வேறு, இது வேறு. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி பலன் கொஞ்சம் குறைவு, சில நாள் சர்க்கரையும் ஏறும். டாக்டரிடம் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. பெயரைக் கேட்டுத்தான் பயம். கையை மட்டும் மரக்க வைத்து, சின்னதாகக் கீறி, அந்த வளையத்தை வெட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கீறாமல் ஊசி முனையால் வெட்டுவதும் உண்டு, கட்டைவிரலில் உணர்ச்சி நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அங்கே யோசித்துத்தான் செய்வார்கள். தையல் பிரிக்கப் பத்து, பதினாலு நாள். அதுவரை தண்ணீர் படக்கூடாது, ஆனால் விரலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப் போகும். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

முதலில் பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பெரிய இடம் தேவை என்றால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கியது. 2018-ல் இரண்டு கைகளையும் இழந்தவருக்கு வேறொருவர் கைகளைப் பொருத்தியதும் இங்கேதான்.

நம் அக்காவுக்குப் போன இடத்தில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. ஊசி போட்டார்கள், நாலு மாதம் நன்றாக இருந்து மறுபடி மாட்டிக்கொண்டது. பிறகு அறுவை சிகிச்சை. அந்த இரண்டு வாரம் பாத்திரம், துணி எல்லாம் மகன் பார்த்துக்கொண்டான் (இதை எழுதாமல் விட மனமில்லை). குழுவில் சந்தேகப்பட்டவரே நோட்டு எழுதிக் கொடுத்தார். "அதுவரைக்கும் கைநாட்டு வெச்சிடுங்களேன்" என்றதற்கு மட்டும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. தையல் பிரித்த மாதம் போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்ததால், வங்கியில் புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.