கம்ப்யூட்டர் பாடம்: பழைய பாலத்தை எப்போது மூடுவது?



கடனுக்கு விண்ணப்பிக்கும்போது ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ, பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுக்கிறோம். அந்தக் காகிதங்கள் எங்கே போகின்றன என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா? ஸ்கேன் செய்த பிறகு, அலுவலக மூலையில் இரவும் பகலும் ஓடும் ஒரு கம்ப்யூட்டருக்குள் போகின்றன. அதற்கு சர்வர் என்று பெயர். யார் எவ்வளவு சேமித்தார், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஆகவே இது கணக்காளர் அக்காவின் வேலை மட்டும் இல்லை. நம் எல்லோருடைய பணமும் பெயரும் அதற்குள் இருக்கிறது.

புரோட்டோகால் என்றால் என்ன?

நம் குழுக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் உறுதிமொழி, பிறகு வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் தவணை, கடைசியில் தீர்மான நோட்டில் கையெழுத்து. வேறு ஊர்க் குழுவில் போய் உட்கார்ந்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசவும் இப்படி ஒரு முறை வேண்டும். அதுதான் புரோட்டோகால். தமிழில் நெறிமுறை என்பார்கள்.

அலுவலகத்துக்குள் ஃபைல்களைப் பகிர எஸ்.எம்.பி என்று ஒரு முறை. அதன் முதல் பதிப்பு 1980-களில் பிறந்தது. 2006-இல் இரண்டாம் பதிப்பு வந்தது, 2012-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. மூன்றாம் பதிப்பில் ஃபைலைப் பூட்டுப் போட்டே அனுப்பலாம்.

ஃபைல் அனுப்ப எஃப்.டி.பி என்று இன்னொரு முறை. கான்பூர் ஐ.ஐ.டியில் படித்த அபய் பூஷண் என்ற நம் நாட்டவர் 1971-இல் எழுதியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் அதில் பாஸ்வேர்டு தபால் கார்டில் எழுதியது போலத் திறந்தபடியே போகும். வழியில் நிற்பவர் படித்துவிடலாம். 1995-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அதைப் பார்த்து அங்கே இருந்த தத்து இலோனன் என்பவர் எஸ்.எஸ்.ஹெச் என்ற பூட்டிய முறையை எழுதினார். எஃப்.டி.பிக்குப் பதிலாக இன்று பயன்படும் எஸ்.எஃப்.டி.பி அதன் வழியில் வந்ததுதான்.

பழசாக இருந்தால் என்ன ஆபத்து?

2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற வைரஸ் உலகத்தையே உலுக்கியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு, 300 டாலர் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. ஆந்திரத்தில் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும், கேரளத்தில் சில கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அது பரவிய வழி எஸ்.எம்.பியின் முதல் பதிப்பு. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் போதும், அதே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்ததற்குத் தானே போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் பலர் போடவில்லை. ஏன்? "அதுபாட்டுக்கு நல்லாத்தானே ஓடுது!"

நம் அலுவலகத்தில் நடந்தது

நாமும் அதையேதான் சொன்னோம். கம்ப்யூட்டர் பார்க்க வரும் தம்பி, "அக்கா, சர்வர்ல பழைய எஸ்.எம்.பி இன்னும் திறந்தே கெடக்கு, மூடிடலாமா?" என்று கேட்டார். "சரி தம்பி, மூடிடுங்க" என்றோம். ஐந்து நிமிட வேலை. மறுநாள் காலையில் ஸ்கேனர் வேலை செய்யவில்லை. அது பழைய மெஷின், பழைய முறை மட்டும்தான் அதற்குத் தெரியும். அன்றைக்கு வங்கிக் கடன் விண்ணப்பம் கொடுக்க லால்குடி பக்கமிருந்து சகோதரிகள் வந்திருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தவர்கள். மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நமக்கு மனசே சரியில்லை. சாயங்காலமே, "தம்பி, பழையபடி திறந்து விடுங்க, பிறகு பார்த்துக்கலாம்" என்றோம். அந்தப் "பிறகு" ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் எல்லாருடைய ஆதார் நகலும் திறந்த கதவுக்குப் பின்னால் கிடந்தது. முதலில் அவசரப்பட்டது ஒரு தவறு. திறந்துவிட்டு மறந்தது அதைவிடப் பெரிய தவறு.

கொள்ளிடம் சொல்லும் பாடம்

திருவானைக்காவல் பக்கமிருந்து நம்பர் 1 டோல்கேட்டுக்குப் போக 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் மேல் போகாத லால்குடி பஸ் உண்டா? அது கெட்ட பாலம் இல்லை. ஆனால் வயசாகிவிட்டது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டினார்கள். 2016-இல் வண்டிகளைப் புதுப் பாலத்துக்கு மாற்றிவிட்டு, பழையதில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அந்த நேரத்தில் அதன் மேல் பஸ் ஓடிக்கொண்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் புதுசு, பிறகு மாற்றம், கடைசியில் மூடுதல். நாம் புதுப் பாலம் கட்டாமலே பழையதை மூடினோம். ஸ்ரீரங்கத்தில் கூடிய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, இரண்டாம் தடவை முறையாகச் செய்தோம்.

எப்படிச் செய்தோம்?

1. கணக்கெடுப்பு: எந்தெந்தக் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர் சர்வரோடு பேசுகிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். பழைய முறையில் யார் வந்து போகிறார்கள் என்று சர்வரே பதிவு வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. அதை ஒரு மாதம் ஓட விட்டோம். ஸ்கேனரோடு, நாம் மறந்தே போயிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரும் அகப்பட்டது.

2. பேக்கப்: எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். வயரோடு விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். எடுத்த நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்தோம்.

3. புது வழி: ஸ்கேனரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, யு.எஸ்.பி வயரால் ஒரே கம்ப்யூட்டரோடு நேரே இணைத்தோம். பைசா செலவில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருந்த கணக்கை நகல் எடுத்துக்கொண்டு அதை ஓரம் கட்டினோம். எஃப்.டி.பி வழியாகப் போன ஃபைல்களை எஸ்.எஃப்.டி.பிக்கு மாற்றினோம்.

4. ஒத்திகை: இரண்டு வாரம் எல்லோரும் புது வழியில் வேலை பார்த்தோம். பதிவில் பழைய முறையில் வந்தவர் ஒருவரும் இல்லை.

5. மூடுதல்: தவணை வசூல் வாரத்தைத் தவிர்த்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூடினோம். திங்கட்கிழமை காலை தம்பி கூடவே இருந்தார். அன்றைக்கு யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மூடிய தேதியைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். "பிறகு பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

மூடியாயிற்று என்று பேட்ச் போடுவதை நிறுத்தக் கூடாது. புது முறையிலும் ஓட்டை வரலாம். வீட்டுக்குப் புதுக் கதவு போட்டாலும் இரவில் தாழ்ப்பாள் போடுகிறோம் இல்லையா?

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுவோம்

• நம் ஆதார் நகல் இருக்கும் கம்ப்யூட்டர் எது? அதைத் திறக்க யார் யாருக்கு பாஸ்வேர்டு தெரியும்?

• கடைசியாக பேக்கப் எடுத்தது எந்தத் தேதி? அது வயரோடு இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா?

• புதுப் பிரிண்டர், ஸ்கேனர் வாங்கும்போது கொட்டேஷனில் "எஸ்.எம்.பி 3 வேலை செய்யுமா?" என்று கேட்டு எழுதி வாங்குகிறோமா?

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் என்னத்தக் கேக்கிறது?" என்று ஒதுங்க வேண்டாம் சகோதரி. ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கூட்டல் சரியா என்று கேட்கப் பழகியவர்கள் நாம். இதையும் கேட்போம்.