கோபத்திற்கு நான்கு பெயர்கள்
வேதபாடம்: தீத்து 1:7

வேதக்கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் கிரேக்கச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அதிலிருந்து கோபக்காரனைக் குறிக்கும் நான்கு சொற்களை இம்மாதம் தியானிப்போம்.

1. ஒர்கிலோஸ்: 'ஒர்கே' என்றால் கோபம். இயேசு கோபத்துடன் பார்த்ததாகச் சொல்லும் மாற்கு 3:5-லும் 'ஒர்கே'தான் வருகிறது. ஆகவே கோபமெல்லாம் பாவமல்ல. கோபமே சுபாவமாகிப்போனவன்தான் ஒர்கிலோஸ். புதிய ஏற்பாட்டில் இச்சொல் தீத்து 1:7-ல் மட்டுமே உண்டு. கண்காணியிடம் இருக்கக்கூடாத 'முற்கோபம்' இதுதான்.

"எனக்குச் சட்டுனு கோபம் வரும், உடனே போயிடும். கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்" என்கிறோம். கி.மு. 4-ம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலும் ஒர்கிலோஸைப்பற்றி, சீக்கிரம் தணிவதே அவனிடமுள்ள நல்ல அம்சம் என்றார். ஆனாலும் பவுல் அவனிடம் சபையை ஒப்புவிக்கச் சொல்லவில்லை. ஏன்? கோபம் போயிடும், கோபத்துல சொன்ன வார்த்தை போகாது.

2. பிக்ரோஸ்: கசப்பானவன். சத்தம் போடமாட்டான், வருஷக்கணக்காக உள்ளே வைத்திருப்பான். யாக்கோபு 3:14-ல் இச்சொல் உண்டு. மனைவியிடம் கசந்துகொள்ள வேண்டாமென்னும் கொலோசெயர் 3:19-ம் இந்த வேரிலிருந்தே வருகிறது.

3. கலெபோஸ்: கொடியவன். மத்தேயு 8:28-ல் கல்லறைகளிலிருந்து வந்த இருவரும் இப்படிப்பட்டவர்கள். அவ்வழியே யாரும் நடக்க முடியவில்லை. சில வீடுகளில் அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை. அங்கே பிசாசு இல்லை. கோபம்தான் வழியை மறிக்கிறது.

4. அனேமெரோஸ்: 'ஹேமெரோஸ்' என்றால் பழக்கப்பட்டது. ஆதி, அநாதி என்பதுபோல, முன்னால் 'அன்' சேர்ந்தால் பழக்கப்படாதது, காட்டுத்தனமானது. கடைசி நாட்களின் மனுஷரைப்பற்றி 2 தீமோத்தேயு 3:3 இதைச் சொல்கிறது.

இவற்றுக்கு மருந்து எது? 'ப்ரவுஸ்', அதாவது சாந்தம். பழக்கப்பட்ட மிருகத்துக்கும் கிரேக்கர் இதே சொல்லைச் சொன்னார்கள். மத்தேயு 11:29-ல் ஆண்டவர் தம்மைச் சாந்தமுள்ளவர் என்கிறார். அதே வசனத்தில் நுகமும் வருகிறது. நுகத்துக்குப் பழகின மாடு பலத்தை இழப்பதில்லை. முட்டின பலத்தால் இப்போது உழுகிறது.

இன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்குமுன் வீட்டாரிடம் கேளுங்கள்: "இந்த நாலுல நான் எது?" அவர்கள் உடனே பதில் சொல்லாமல் பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அதுவே பதில். அங்கேயே முழங்கால்படியிடுங்கள். கர்த்தர் தாமே நம்மைப் பழக்குவாராக. ஆமென்.